பழைய காரின் ஸ்டீல் வீலில் கோட்டம் எடுப்பது எப்படி?

நான் முதன்முதலில் கோட்டம் எடுத்த வீல் பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. ரிம்மின் உதட்டில் விரல் நீளத்துக்கு ஓர் ஒடுக்கு. மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, டயரையும் மாட்டிவிட்டேன். ஒடுக்கு எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால், 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் பழையபடி நடுங்குகிறது. டயரைத் திரும்பக் கழற்றி, சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற உதடு நேராகிவிட்டது. அதற்கு உள்ளே, டயர் உட்காருகிற படி அப்படியே 2 மி.மீ. இறங்கிக் கிடந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் சுத்தியலைவிட அளவெடுப்பதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். தகட்டை அழுத்தி உருவாக்கிய ஸ்டீல் வீல்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அலாய் வீலின் குணமே வேறு, அதை இந்த முறையில் தொடவே கூடாது. கம்பி வீலுக்குக் கோட்டம் எடுப்பதும் தனி வித்தை.

புது வீல் வாங்கி மாட்டிவிட்டால் போகாதா என்று கேட்கலாம். போகும், கிடைத்தால். பழைய கார்களின் வீல் அளவுகள் பல இன்றைக்குப் புழக்கத்தில் இல்லை. ஆரம்பகால ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 5 போல்ட்டுகள் 205 மி.மீ. வட்டத்தில் இருக்கும். 1959இல் வந்த மினிக்கு 10 அங்குல வீல். துளை பொருந்தினாலும் வீல் உள்ளே எவ்வளவு தள்ளி உட்காருகிறது என்பது மாறிப் போனால் டயர் மட்கார்டில் உரசும், பேரிங்குக்கும் சுமை மாறும். அது போக, அசல் வீலின் உட்புறத்தில் அளவு, தயாரித்தவர் முத்திரை, பல சமயம் தயாரித்த தேதிகூட அச்சடித்திருக்கும். காரோடு பிறந்த 5 வீல்களும் ஒரே காலத்து முத்திரையோடு இருப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் உங்களுக்கு முக்கியமில்லை என்றால் நல்ல நிலையில் இருக்கும் பழைய வீல் ஒன்றைத் தேடி வாங்குவதே சுலபம்.

வீலின் பாகங்கள்

நடுவில் இருப்பது டிஸ்க். வண்டியில் வீலைத் தாங்கிச் சுற்றும் ஹப்பில் உட்காருவது, நட்டு முடுக்குவது எல்லாம் இதில்தான். அதைச் சுற்றி வளையமாக இருப்பது ரிம். இரண்டையும் பழைய காலத்தில் ரிவெட் அடித்து இணைத்தார்கள், பிறகு வெல்டிங் வந்தது. ரிம்மை வெட்டிப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் நிமிர்ந்து நிற்பது உதடு. உதட்டை ஒட்டி உள்ளே, லேசான சரிவோடு இருக்கும் படியில்தான் டயரின் பீடு, அதாவது அதன் கெட்டியான உள்விளிம்பு, உட்காருகிறது. நடுவில் பள்ளம். டயரைக் கழற்றி மாட்ட இடம் கொடுப்பதற்காகத்தான் அந்தப் பள்ளம்.

இதில் டயரைத் தாங்குவது அந்தப் படி. உதடு டயரைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. உதட்டின் வெளிநுனி ஏறக்குறைய அலங்காரம்தான், தயாரிக்கும்போதே அது அவ்வளவு துல்லியமாக இருக்காது. நான் நிமிர்த்தி மகிழ்ந்தது அந்த நுனியைத்தான்.

வீல்தானா, வேறு ஏதாவதா?

ஸ்டீயரிங் நடுங்கினால் வீல்மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. முன் வீல்களைப் பின்னாலும் பின் வீல்களை முன்னாலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்குப் போனால் வீலோ டயரோ காரணம். எதுவும் மாறவில்லை என்றால் பேரிங், ஹப், சஸ்பென்ஷன் புஷ் பக்கம் தேடுங்கள்.

அடுத்து, வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. வீலைக் கழற்றிவிட்டு ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவையும் பழைய பெயின்ட் செதில்களையும் எடுங்கள். ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் அரை மி.மீ. துரு, ரிம்மின் ஓரத்துக்குப் போகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். காரணம், ரிம் மையத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது. டயல் கேஜை ஹப் முகத்திலேயே வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். முள் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் முதலில் ஹப்பையோ பேரிங்கையோ கவனிக்க வேண்டும். கோணலான ஹப்பில் வைத்து வீலை அளந்தால் நல்ல வீலையும் கெடுத்துவிடுவோம்.

டயரை எடுத்த பிறகுதான் எதுவும்

டயரோடு சேர்த்து வீலைத் தட்டாதீர்கள். டயர் மாட்டியிருக்கும் வீலில் வெல்டிங் வைப்பதும் நெருப்புக் காட்டுவதும் உயிரோடு விளையாடுவது. காற்றை இறக்கிவிட்டேனே என்று நினைக்கலாம். சூட்டில் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து எரியும் வாயுக்களை உண்டாக்கும், டயர் வெடிக்கும். பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் இதில் இறந்திருக்கிறார்கள்.

வால்வு பின்னைக் கழற்றி, காற்று முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு, டயரை எடுங்கள். டயர் மாற்றும் மெஷினில் கொடுத்து எடுப்பது நல்லது. டயர் லிவரால் எடுத்தால் ஒடுக்கு விழுந்த இடத்தில் நெம்ப வேண்டாம், அங்கேதான் பீடு கிழியும். எடுத்த டயரையும் சும்மா ஓரமாகப் போட்டுவிடாதீர்கள். வீலை வளைத்த குழி டயரையும் அடித்திருக்கும். உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நூல் அறுந்த இடம் மேடாகவோ சுருக்கமாகவோ தட்டுப்பட்டால் அந்த டயர் வேண்டாம்.

சுத்தம் செய்து, விரிசல் தேடுதல்

பெயின்டைக் கரைப்பானாலோ மணல் பீய்ச்சியோ எடுத்து வெறும் இரும்பு தெரியும்படி செய்யுங்கள். கெட்டியாகப் பல கோட்டிங் ஏறிய வீலில் பட்டி போட்டு மறைத்த பழைய சேதம் இருக்கலாம். ஒருமுறை ஒரு வீலில் சுரண்டச் சுரண்டப் பட்டி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கட்டைவிரல் அகலத்துக்கு வெல்டிங் வைத்து அடைத்த ரிம் தெரிந்தது. விற்றவர் அதை மெழுகு போட்டு மினுமினுக்க வைத்துக் கொடுத்திருந்தார்.

விரிசல் வரும் இடங்கள் எப்போதும் அதே சில இடங்கள்தான்: நட்டுத் துளைகளைச் சுற்றி, டிஸ்க்கில் காற்றுக்காக விட்ட துளைகளின் ஓரங்களில், ரிவெட் அல்லது வெல்டிங் ஓரத்தில், ஒடுக்கு விழுந்த இடத்தின் நடுவில். கண்ணால் பார்ப்பது போதாது. விரிசல் பார்க்கும் சாயம் மூன்று டப்பாவாக விற்கிறது. கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் (பெரும்பாலும் 10 நிமிடமோ கொஞ்சம் கூடவோ) விடுங்கள். பிறகு துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். கிளீனரை நேராக வீல்மேல் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயத்தையும் கழுவிவிடும். அப்புறம் வெள்ளை டெவலப்பரை மெல்லிசாக அடித்துக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பு நூல் போல ஊறி வரும். மணல் பீய்ச்சிய வீலில் விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொள்வதும் உண்டு. அதனால் மேலே சொன்ன இடங்களை மட்டும் கரைப்பானால் சுத்தம் செய்து முதலில் சாயம் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மணல் பீய்ச்சக் கொடுப்பது என் வழக்கம்.

டிஸ்க்கிலோ ரிம்மிலோ விரிசல் தெரிந்தால் அந்த வீலின் கதை அங்கேயே முடிந்தது. வெல்டிங் வைத்தால் விரிசல் மூடும். ஆனால் விரிசலை உண்டாக்கிய சோர்வு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இரும்பு பலவீனமாவது, சுற்றியிருக்கும் இரும்பில் அப்படியே இருக்கும், வெல்டிங் ஓரத்திலேயே அடுத்தது கிளம்பும். நட்டுத் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தாலும், ரிவெட் ஆடினாலும், டயர் உட்காரும் படியில் துரு ஆழமாக அரித்துத் தகடு மெலிந்திருந்தாலும் இதே முடிவுதான். அப்படிப்பட்ட வீலைக் கராஜ் சுவரில் மாட்டிவைக்கலாம், வண்டியில் மாட்டக் கூடாது.

அளவெடுப்பது

வீலைச் சுற்ற ஒரு ஸ்டாண்டு வேண்டும். அதற்கு உங்கள் காரின் முன் ஹப்பே போதும். பின் வீல் இழுக்கும் வண்டியில் முன் ஹப் தடையில்லாமல் சுற்றும், பேரிங் ஆட்டம் இல்லாமல் சரிசெய்து வைத்திருந்தால் அதைவிட நல்ல ஸ்டாண்டு கிடையாது. பழைய ஸ்டப் ஆக்ஸில் (ஹப்பைத் தாங்கும் குட்டை அச்சு) ஒன்று ஹப்போடு கிடைத்தால் அதை வைஸில் பிடித்துக்கொள்ளலாம். குனிந்து குனிந்து முதுகு வலிக்காது.

எப்படி மாட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். பல பழைய கார்களில் வீலை மையத்தில் நிறுத்துவது நடுத்துளை கிடையாது, கூம்பு முனை கொண்ட நட்டுகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நடுத்துளை தோராயமாக வெட்டப்பட்டிருக்கும். எனவே எல்லா நட்டுகளையும், கூம்பு முனை உள்ளே இருக்கும்படி, நட்சத்திர வரிசையில் (அடுத்தடுத்து இல்லாமல் எதிரெதிராக) முடுக்கியே அளக்க வேண்டும். பேலன்ஸ் மெஷினில் நடுத்துளையில் கூம்பைச் செருகி வீலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ‘அவுட்’ என்று சொல்பவர்கள் சில சமயம் வீலின் குற்றத்தைச் சொல்வதில்லை, நடுத்துளையின் குற்றத்தைச் சொல்கிறார்கள்.

டயல் கேஜைக் காந்த ஸ்டாண்டில், அசையாத கனமான இரும்பின்மேல் வையுங்கள். முனையில் சின்னச் சக்கரம் உள்ள கேஜ் என்றால் துருப்பிடித்த தளத்திலும் சிக்காமல் ஓடும். டயல் கேஜே இல்லை என்றால் ஒரு கம்பியைக் கூர்முனையாக நிறுத்தி, முனைக்கும் ரிம்முக்கும் இடையே ஃபீலர் கேஜ் (பல தடிமன்களில் வரும் மெல்லிய தகடுகள்) செருகிப் பார்க்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நடக்கும்.

ரிம்மைக் கடிகாரமாக நினைத்து, வால்வுத் துளையை 12 என்று வைத்து, மார்க்கரால் 12 இடங்களைக் குறியுங்கள். நான்கு சுற்று எடுக்க வேண்டும். முன் படி (வெளிப்பக்கம்), பின் படி (பிரேக் பக்கம்) இரண்டிலும் மேல் கீழ் ஆட்டம். முன் உதடு, பின் உதடு இரண்டின் உள்முகத்திலும், அதாவது டயர் வந்து சாய்கிற பக்கத்தில், பக்கவாட்டு ஆட்டம். மொத்தம் 48 எண்கள். அலுப்பான வேலைதான். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரிம்மின் தகடு வட்டமாகச் சுருட்டி ஒட்டப்பட்டது, அந்த ஒட்டில் முள் ஒரு துள்ளுத் துள்ளும். அது கோட்டம் ஆகாது, விட்டுவிடுங்கள்.

உங்கள் காரின் பட்டறைக் கையேட்டில் அனுமதி அளவு இருக்கும், அதுதான் கணக்கு. ஸ்டீல் வீலுக்குப் பொதுவாக 1 மி.மீ.யிலிருந்து 1.5 மி.மீ. வரை சொல்லியிருப்பார்கள். இந்த அளவு அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் என்பதை மறக்க வேண்டாம். ஓரிடத்தில் +0.7, இன்னோரிடத்தில் −0.7 என்றால் ஆட்டம் 1.4.

எண்கள் என்ன சொல்கின்றன?

சைக்கிள் வீலுக்குக் கோட்டம் எடுப்பவர் கம்பியைத் தொடுவதற்கு முன் வீலை நாலு சுற்று சுற்றிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாரே, அதுபோல இந்தத் தாளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள்.

என் பழைய வீலின் பின் படியில் வந்த எண்கள் இப்படி: 12இலிருந்து 3 வரை பூஜ்யத்தை ஒட்டி. 4இல் +0.4. 5இல் −2.1. 6இல் +0.5. அப்புறம் 11 வரை மறுபடி பூஜ்யம். அதாவது 5மணி இடத்தில் ஒரு குழி, அதன் இரண்டு பக்கத்திலும் சின்ன மேடு. குழியில் இறங்கிய வீலின் கையெழுத்து இது. உள்ளே போன இரும்பு பக்கத்தில் பிதுங்கியிருக்கிறது. அதே 5மணியில் உதடு வெளிப்பக்கம் 1 மி.மீ. சாய்ந்திருந்தது. இந்த வகைதான் வீட்டுப் பட்டறையில் சரிசெய்யக் கூடியது.

மேல் கீழ் ஆட்டத்தில் ஒரு பக்கம் மேடு, நேர் எதிரே பள்ளம், இடையில் சீராக ஏறி இறங்குகிறது என்றால் ரிம் வட்டமாகத்தான் இருக்கிறது. மையம் தள்ளியிருக்கிறது. நட்டுகளைத் தளர்த்தி, வீலை ஒரு துளை நகர்த்தி மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். எண்கள் மாறினால் மாட்டியதில்தான் கோளாறு. எதிரெதிரே இரண்டு மேடு, இரண்டு பள்ளம் என்றால் ரிம் முட்டை வடிவம் ஆகியிருக்கிறது.

பக்கவாட்டில் ஒரு பக்கம் வெளியே, நேர் எதிர்ப்பக்கம் உள்ளே, முன் உதடும் பின் உதடும் ஒன்றுபோலச் சாய்கின்றன என்றால் மொத்த ரிம்மும் டிஸ்க்கின்மேல் சாய்ந்து நிற்கிறது. நடைபாதை ஓரத்தில் பக்கவாட்டில் மோதினால் இப்படி ஆகும். டிஸ்க் வளைந்திருக்கிறது என்று பொருள். இதை நீங்கள் தொடாதீர்கள். வீல் நிமிர்த்துவதற்கென்றே பிரஸ்ஸும் உருளைகளும் வைத்திருக்கும் பட்டறையில் பார்த்துவிட்டு, அவர்களும் தயங்கினால் வீலை விட்டுவிடுங்கள்.

நிமிர்த்துவது

குளிர்ந்த இரும்பை, மெதுவாக, அழுத்தி நிமிர்த்துவதே நல்ல முறை. சுத்தியல் கடைசியில் வந்தால் போதும். அடி விழும் இடத்தில் தகடு நசுங்கி மெலியும், பரவும், மறுபடி பழைய இடத்தில் அடங்காது. அழுத்தம் அப்படிச் செய்யாது.

வரிசை முக்கியம். அடி விழுந்தபோது குழி முதலில் வந்தது, பக்கத்து மேடுகள் அதன் பின் வந்தன. திருப்பி எடுக்கும்போது கடைசியில் வந்ததிலிருந்து தொடங்குங்கள்: முதலில் மேடுகளின் ஓரத்தில் லேசாக இறக்கி, பிறகு குழியை ஏற்றி, கடைசியில் உதடு. நேராகக் குழியின் நடுவில் தொடங்கினால் நடுப்பகுதி மட்டும் கூம்பி நிற்கும், இரண்டு பக்கமும் அலை அலையாகிவிடும்.

பின் படியின் குழிக்கு, கையால் பம்ப் செய்யும் சிறிய ஹைட்ராலிக் ஜாக்கி போதும். வீலின் பின்பக்கம், பிரேக் இருக்கும் குழிவு, திறந்த வெளி. ஜாக்கியை அதில் குறுக்காகப் படுக்க வைத்து, ஒரு முனை குழிக்கு அடியிலும் மறுமுனை நேர் எதிரேயும் இருக்கும்படி வைக்கலாம். இங்கே ஒரு சூது இருக்கிறது. ஜாக்கிக்கு இரண்டு முனையும் ஒன்றுதான், குழியைத் தள்ளும் அதே பலம் எதிரே உள்ள நல்ல ரிம்மையும் தள்ளும். அதனால் நல்ல பக்கத்தில் ரிம்மின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய நீளமான கெட்டி மரக்கட்டை, ஒரு சாண் நீளமாவது இருக்கட்டும். குழிப் பக்கத்தில் குழியின் அகலத்துக்குச் சின்ன இரும்புக் கட்டை, மூலைகளை அரத்தால் மழுக்கியது. பலம் ஒரு பக்கம் பரவும், மறுபக்கம் குவியும்.

கேஜை வைத்துக்கொண்டே பம்ப் செய்யுங்கள். குழி 2 மி.மீ. என்றால் முள் 2 மி.மீ. நகர்ந்ததும் நிறுத்திப் பலத்தை விடுவியுங்கள். முள் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே திரும்பிவிடும். முதல் முறை எல்லோருக்கும் ஏமாற்றம்தான். இரும்பு வில் போலத் திரும்புகிறது, ஒரு எல்லையைத் தாண்டினால்தான் கொஞ்சம் தங்கும். அடுத்த முறை 2.5, அதற்கடுத்து 3, எவ்வளவு தள்ளினால் எவ்வளவு தங்குகிறது என்று அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் வீலில் 4 மி.மீ.க்கு மேல் தள்ளியபோதுதான் அரை மி.மீ. தங்கியது. தங்க ஆரம்பித்துவிட்டால் அதன்பின் ஒவ்வொரு சிறு தள்ளலும் கணக்கில் சேரும், அவசரப்பட்டால் தாண்டிப் போய்விடும். தாண்டினால் திருப்பி அடிக்க வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. 0.5 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

ஜாக்கியின் வரிசையில் முகமோ காலோ இருக்கக் கூடாது. கட்டை வழுக்கினால் துப்பாக்கிக் குண்டு போலக் கிளம்பும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கட்டைகள்மேல் பழைய கம்பளி எதையாவது போட்டு மூடுங்கள்.

உதட்டுக்கு ஒரு கருவி செய்துகொள்ளலாம். 10 அல்லது 12 மி.மீ. தடிமன் உள்ள பட்டை இரும்பு, கை நீளத்துக்கு. அதன் முனையில் உதடு நுழைகிற அளவு ஒரு வெட்டு. வெட்டின் ஓரங்களை அரம் போட்டு வழவழப்பாக்குங்கள். கூர் ஓரம் உதட்டில் கீறல் போட்டால் அந்தக் கீறல் பின்னால் விரிசலாகும். உதட்டில் மாட்டி, ஒடுக்கின் ஓரத்திலிருந்து தொடங்கி, விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சமாக நெம்புங்கள். ஒரே இடத்தில் முழுதாக நெம்பாமல் நாலைந்து நடை போக வேண்டும். பெரிய ஸ்க்ரூ ஸ்பேனரை வைத்து நெம்புபவர்களும் உண்டு, அதன் வாய் உதட்டைக் கடித்துத் தழும்பு போட்டுவிடும் என்பதால் எனக்குப் பிடிப்பதில்லை. மிச்சமிருக்கும் சிறு அலைகளுக்குப் பின்னால் கனமான இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, செம்பு அல்லது தோல் முனைச் சுத்தியலால் தட்டலாம்.

நெருப்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். டார்ச்சை வைத்து லேசாகச் சூடாக்கினால் சுலபமாக வளையுமே என்று. அந்த ‘லேசாக’ என்பதில்தான் ஆபத்து. சாதாரண ஸ்டீலை ஏறக்குறைய 200இலிருந்து 350 டிகிரி வரை சூடாக்கி, அதாவது தேய்த்த இரும்பு நீலம் பாரிக்கும் சூட்டில், வளைத்தால் அது இளகாது. மாறாக நொறுங்கும் தன்மை கூடும். கொல்லர்கள் இரும்பு நீலத்துக்கு இறங்கியதும் அடிப்பதை நிறுத்துவது இதனால்தான். முழுக்கச் சிவக்கப் பழுக்க வைத்தால் இளகும், ஆனால் மெல்லிய ரிம்மில் சூடு ஓரிடத்தில் நிற்காது, பக்கத்தில் இருக்கும் வெல்டிங்குக்கும் ரிவெட்டுக்கும் போகும், ரிம்மும் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் நிமிராத வீலைச் சூடாக்கி நிமிர்த்தும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கும் வேண்டாம். டிஸ்க்கின் பக்கம் டார்ச்சைக் கொண்டே போகாதீர்கள்.

இன்னொரு பொறி, டிஸ்க்கின் நடுவில். நட்டுத் துளைகளைச் சுற்றியுள்ள முகத்தில் மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் அது தட்டையாக இல்லை என்று தெரியும். துளைகள் இருக்கும் இடம் கொஞ்சம் தூக்கலாக, ஹப்பைத் தொடாமல் நிற்கும். புதிதாக வருபவர்கள் இதையும் கோட்டம் என்று நினைத்துச் சம்மட்டியை எடுத்துவிடுகிறார்கள். பல வீல்களில் அது வேண்டுமென்றே கொடுத்த வளைவு. நட்டை முடுக்கும்போது அந்த இடம் ஸ்பிரிங் போல இழுபட்டு, நட்டைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதைத் தட்டித் தட்டையாக்கினால் ஓடும்போது நட்டு தானாகக் கழலும். சந்தேகம் இருந்தால் அதே காரின் ஸ்டெப்னியை எடுத்து ஒப்பிடுங்கள். எல்லா வீலிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வடிவமைப்பு. ஒன்றில் மட்டும் துளையைச் சுற்றி உள்வாங்கியிருந்தால் யாரோ நீளக் கம்பி போட்டு அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள், அந்த வீலை நிமிர்த்த முயல வேண்டாம்.

நிமிர்த்தி முடித்ததும் 48 எண்களையும் மறுபடி எடுங்கள். எல்லாம் அனுமதிக்குள் வந்திருந்தால், நிமிர்த்திய இடத்தில் மட்டும் விரிசல் சாயத்தை இன்னொரு முறை போடுங்கள். முதலில் இல்லாத விரிசல் நிமிர்த்தும்போது வந்திருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை நிமிர்த்திய இடம் மறுபடி வளைந்து வந்தால் நான் அதைத் தொடுவதில்லை.

பெயின்டும் டயரும்

பெயின்ட் வேலையைப் பற்றிச் சொல்லத் தனியாக அதிகம் இல்லை. துருத் தடுக்கும் பிரைமர், அதன்மேல் பெயின்ட். மூன்று இடங்களில் மட்டும் கனமாக ஏறக் கூடாது: ஹப்பில் உட்காரும் முகம், நட்டின் கூம்பு உட்காரும் குழிவு, டயர் உட்காரும் படி. அங்கே கெட்டியான பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ இருந்தால் நாளடைவில் நசுங்கி, நட்டு தளரும். பவுடர் கோட்டிங் கொடுப்பதாக இருந்தால் முகத்தையும் குழிவுகளையும் மறைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஒடுக்கு இருந்த இடத்தைப் பட்டி போட்டு மொழுமொழுவென்று ஆக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நாளைக்கு அங்கே விரிசல் வந்தால் பட்டிக்கு அடியில் யாருக்குத் தெரியப்போகிறது?

ரிவெட் அடித்த வீலாக இருந்தால் ரிவெட் வழியாகக் காற்று கசியும், உள்டியூப் போட்டே ஆக வேண்டும். வெல்டிங் வீலிலும் படியின் ஓரத்தில் பீடை நழுவாமல் பிடிக்கும் சின்ன மேடு இல்லை என்றால், அது டியூப் காலத்து வீல், டியூபோடே ஓட்டுங்கள். டியூப் போடும்போது ரிம்மின் உள்ளே கூரான வெல்டிங் பொட்டு, கம்பி பிரஷ்ஷின் உடைந்த துண்டு எதுவும் இல்லாமல் கையால் தடவிப் பாருங்கள்.

தாளில் எந்த மணியில் ரிம் மிகவும் தாழ்ந்திருக்கிறது என்று இருக்குமே, அது இப்போது உதவும். புது டயர்கள் சிலவற்றில் பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி இருக்கும், டயரின் மேடான இடம் அது. அந்தப் புள்ளியை ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு நேராக வைத்து மாட்டினால் இரண்டு குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். காற்று அடிக்கும்போது தள்ளி நில்லுங்கள். பீடு படியில் ஏறி உட்காரும் சத்தம் கேட்பதற்காக 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றக் கூடாது. உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி முயலுங்கள். டியூப் இல்லாத டயர் என்றால் நிமிர்த்திய இடத்தில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள்.

பேலன்ஸ் செய்யும் இடத்தில், நட்டுத் துளைகளைப் பிடிக்கும் தட்டு வைத்து மெஷினில் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். நடுத்துளைக் கூம்பு மட்டும்தான் இருக்கிறது என்பார்கள் சில இடங்களில். அப்படியானால் வேறு இடம் பாருங்கள். ஈயக்கட்டி ஏராளமாக ஒட்டியும் சமன் ஆகவில்லை என்றால் கோட்டம் இன்னும் போகவில்லை, அல்லது டயர் கெட்டிருக்கிறது. வட்டமில்லாத வீலை எடை போட்டு வட்டமாக்க முடியாது.

வண்டியில் மாட்டும்போது நட்டுகளை நட்சத்திர வரிசையில், கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கும் விசை அளவுக்கு), டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். மறையில் எண்ணெய் தடவ வேண்டாம், எண்ணெய் பட்டால் அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும். 50இலிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்சு வைத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் படிந்து நட்டு கொஞ்சம் தளர்ந்திருப்பது சகஜம். 48 எண்கள் எழுதிய தாளைத் தூக்கிப் போடாமல், எந்த வீல், எந்தத் தேதி என்று குறித்து, காரின் கையேட்டுக்குள் செருகிவையுங்கள். அடுத்த முறை டயர் மாற்றும்போது அதே 5மணி இடத்தை மட்டும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.